கத்திரி வெயிலில் தோண்டச் சொன்னவன்

நேற்று பெசன்ட் நகரில் ஒரு புதுக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தேன். ஆறாவது சிமெண்ட் உறை மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது காலுக்கடியில் ஈரம் தட்டியது. அந்த மணல் வாசனை உனக்குத் தெரியும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் உப்பு வாடை துளிக்கூட இல்லாத குளிர்ந்த வாசனை. பள்ளிக்கூட நாளில் முதல் தடவை எங்கள் வேலையைப் பார்க்க வந்த நீ, அதில் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துக்கொண்டு, "இதை ஆத்துக்கு எடுத்துண்டு போலாமாடா?" என்று கேட்டாய். அப்பா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது.

மேலே ஊரூர் குப்பத்துப் பெண்கள் இரண்டு பேர் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். "இன்னா நைனா, நல்ல தண்ணியா கீதா?" என்றாள் ஒருத்தி. ஊறிய தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். இனித்தது. நல்ல தண்ணிதாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கிணறு வெட்டுகிறவன் கிணற்றுக்குள் நின்று அழுது நீ பார்த்ததில்லை. கூட இருந்த ஆட்கள் என் கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று நினைத்தார்கள். நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

அந்த வீட்டுக்காரர் யார் என்று சொன்னால் உனக்கு எல்லாம் விளங்கிவிடும். ஆனால் எடுத்த எடுப்பிலே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உயிரோடு இருந்தபோது கடைசி மூன்று வருஷம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ சிரிப்பாய்.

ஒரே வகுப்பில் படித்தோம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று, சைதாப்பேட்டையில் அப்பாவோடு சிமெண்ட் உறை வார்க்கப் போனேன். நீ பி.எஸ்ஸி. முடித்து தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் ஆனாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அபிராமபுரத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவாய். காய்கிற உறைகளுக்கு நடுவே உட்கார்ந்து, "மேஸ்திரி, இதை மட்டும் சொல்லு, இவ்வளவு கனமான உறை மண்ணுக்குள்ள நேரா எப்படிடா எறங்கறது?" என்பாய். புத்தகத்தில் எல்லாம் படித்தவன் என்னிடம் வந்து கேட்கிறான் என்று எனக்குத் தலைகால் புரியாது. உள்ளே நின்று சுற்றிலும் சமமாக மண்ணை எடுக்க வேண்டும், உறை தன் பாரத்தில் தானே இறங்கும், ஒரு பக்கம் கூடுதலாக எடுத்தால் சாய்ந்துவிடும் என்று பெரிய இன்ஜினியர் கணக்காக அளந்துவிடுவேன். அந்த மிதப்புதான் பின்னால் நம் இரண்டு பேரையும் கவிழ்த்தது.

எழுபதாம் வருஷக் கடைசியில் ஜாம்பியாவில் உனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். சென்ட்ரலில் பம்பாய் ரயில் ஏற்றிவிட உன் அம்மாவோடு வந்தேன். மாமி ஊறுகாய் பாட்டிலை நாலு துணியில் சுற்றி உன் கையில் கொடுத்தார். வண்டி போன பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடுவான்" என்று சொல்லி அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

உன் முதல் கடிதங்கள் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வந்தன. நீல ஏரோகிராமில் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் சுற்றிச் சுற்றி எழுதியிருப்பாய். நகரத்திலிருந்து வெகுதூரத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம். எங்கே பார்த்தாலும் பச்சை. உன் வகுப்பில் சிப்போ என்று ஒரு சிறுமி. அவளை ஏன் தினமும் நேரம் கழித்து வருகிறாய் என்று நீ அதட்டியிருக்கிறாய். அவள் தோளைத் திருப்பிக் காட்டினாளாம், சட்டை நனைந்திருந்ததாம். இரண்டு மைல் போய்த் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டுத்தான் வருகிறாள். மழை நின்று ஆறு வற்றிவிட்டால் இன்னும் மோசம். ஆற்று மணலில் குழி பறித்து, தண்ணீர் ஊறும்வரை பெண்கள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். "அந்தக் குழியில் மாடும் குடிக்கும், இவர்களும் குடிப்பார்கள். இங்கே ஒரு கிணறு வேண்டும்டா. வருஷம் பூரா தண்ணீர் இருக்கிற கிணறு. எப்படித் தோண்டுவது என்று எழுது" என்று கேட்டிருந்தாய்.

ஏழு தாள் எழுதினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு எழுதியதில்லை. உறைக்கு அச்சு எப்படிக் கட்டுவது, சிமெண்டோடு எவ்வளவு மணல், எத்தனை நாள் நனைப்பது, கப்பி எங்கே மாட்டுவது, எல்லாம் படம் போட்டு எழுதினேன். கடைசித் தாளில் அடிக்கோடு போட்டு இதை எழுதினேன்: "எல்லாவற்றையும்விட முக்கியம், கத்திரி வெயிலில் தோண்டு. ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே மாதத்துக்குள் முடி. அப்போது கிடைக்கிற தண்ணீர்தான் நிஜத் தண்ணீர். இடுப்பளவு வந்தால் நிறுத்திக்கொள், அதற்குமேல் வேண்டாம்."

எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். கிணறு கேட்டு யார் எந்த மாதம் வந்தாலும் அப்பா, "கத்திரி வரட்டும் நைனா" என்றுதான் சொல்வார். வெயிலில் நிலத்தடித் தண்ணீர் ரொம்பக் கீழே போயிருக்கும்போது தோண்டினால், மற்ற மாதங்களில் அது ஏறுமே தவிர இறங்காது. மெட்ராஸுக்கு அது சரி. உன் ஊரில் மழை எப்போது நிற்கும், வெயில் எப்போது கொளுத்தும் என்று நான் ஒரு வரி கேட்கவில்லை. மே மாதம் என்றால் உலகம் பூரா கத்திரி வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் உன் கடிதம் வந்தது. இடுப்பளவுக்குத் தண்ணீர். முதல் வாளியை சிப்போ இழுத்தாளாம். இப்போது அவள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து முதல் வரிசையில் உட்காருகிறாளாம். அந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். டீக்கடையில் படித்தேன். "ஆப்பிரிக்காவுல நம்ம கெணறு ஒண்ணு கீதுபா" என்று சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். அந்த வருஷம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அக்டோபர் கடைசியில் இன்னொரு கடிதம் வந்தது. நாலே வரி. தண்ணீர் கீழே போய்விட்டது, கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வழி உண்டா என்று கேட்டிருந்தாய். மண் வாகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். குறுகலான உறைகளை வார்த்து, பழைய கிணற்றுக்குள்ளேயே இறக்கினால் மேலும் கீழே போகலாம் என்று உள் உறை போடும் முறையை எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த உன் கடிதங்களில் சிப்போ இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

எழுபத்திரண்டோடு உன் ஒப்பந்தம் முடிந்தது. நீ வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று எழுதிவிட்டாய், காரணம் எழுதவில்லை. வழக்கம்போல மே மாதம் உன் வீட்டுக் கிணற்றைத் தூர் வாரப் போனேன். என் அப்பா காலத்திலிருந்து செய்கிற வேலை அது. முதல் வருஷம் எனக்கு அலுமினியத் தம்ளரில் மோர் கொடுத்து வாசலிலேயே நிறுத்திய மாமி, நீ போன பிறகு உன் எவர்சில்வர் தம்ளரில் கொடுக்க ஆரம்பித்திருந்தார். அன்று நான் கிணற்றுக்குள் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தேன். மாமி மேலே வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏண்டா, ஒனக்காவது எழுதினானா? எப்ப வரானாம்? எனக்கு உடம்பு முன்ன மாதிரி இல்லைடா."

எனக்கு உன் மேல் இருந்த கோபத்தில் யோசிக்காமல் சொன்னேன். "அவன் இனிமே எங்க மாமி வரப்போறான். அந்த ஊரு புட்சிப்போச்சு அவனுக்கு. நம்மளயெல்லாம் மறந்துட்டு கீறான்."

"எங்கேயோ நன்னா இருந்தா சரி" என்றார் மாமி. கூடையில் மோரை வைத்துக் கயிற்றில் இறக்கினார். கூடை வழியெல்லாம் சுவரில் இடித்துக்கொண்டே வந்தது, மோர் பாதி சிந்திவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்டில் மாமி படுக்கையில் விழுந்தார். உன் தங்கை தந்தி கொடுத்தாள். அக்டோபர் கழிந்ததும் வருகிறேன் என்று நீ பதில் கொடுத்தாய். எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மாவைவிட உனக்கு அந்தக் கிணறு பெரிதா என்று கேட்டு, இன்னும் வாய்க்கு வந்ததையெல்லாம் சேர்த்து ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நீ பதில் எழுதவில்லை. செப்டம்பரில் மாமி போய்விட்டார். உன் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார்.

டிசம்பரில் நீ வந்தாய். ரயிலடிக்கு நான் வரவில்லை. மொட்டைத் தலையோடு, பாதி உடம்பாக, நீயே சைதாப்பேட்டைக்கு வந்து உறைகளுக்கு நடுவில் நின்றாய். நான் சாந்து குழைப்பதை நிறுத்தவில்லை. நீ மெதுவாகச் சொன்னாய், "மேஸ்திரி, உள் உறை நின்னுடுத்துடா. அக்டோபர்லயும் தண்ணி இருக்கு."

"போய் இத உங்க அம்மாவாண்ட சொல்லு" என்றேன்.

நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். அதன் பிறகு பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் எப்படிடா இருக்கே என்பாய், இருக்கேன் என்பேன். அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் மஞ்சள் காமாலை வந்து, பத்தே நாளில் நீயும் போய்விட்டாய். சுடுகாட்டில் எல்லோருக்கும் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒருவர் என்னிடம் கிணறு கேட்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கணக்கு வாத்தியார். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து பெசன்ட் நகரில் வீடு கட்டுகிறார். நான் அப்பா சொல்கிற மாதிரியே, "கத்திரி வரட்டும் சார், அப்ப தோண்டிக்கலாம்" என்றேன். மனிதருக்கு முகம் மாறிவிட்டது. "இதே வார்த்தைய நம்பி ஒரு மனுஷன் பட்ட பாட்ட நான் கண்ணால பார்த்திருக்கேன்" என்றார். எங்கே சார் என்று கேட்டேன். ஜாம்பியாவில் என்றார். உன் பெயரைச் சொன்னார். அதே பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்து வீட்டில் இருந்தவர்.

நான் யார் என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே மழை ஏப்ரலில்தான் நிற்குமாம். மே மாதம் நிலமெல்லாம் தண்ணீர் நிறைந்து, குளிர் ஆரம்பிக்கிற நேரம். வெயில் ஏறி ஏறி அக்டோபரில்தான் கொளுத்துமாம்.

"தோண்டப் போன அன்னைக்கே அந்தச் சிப்போவோட அம்மா வந்து சொல்லிச்சு, பார்த்துக்கிடுங்க. மழை போன கையோட தோண்டினா எங்க தோண்டினாலும் தண்ணி வரும், அக்டோபர் வரைக்கும் பொறுங்கன்னு. இவரு கேக்கல. எங்க ஊர்ல தலைமுறை தலைமுறையா இப்படித்தான், எனக்குத் தெரியும்னுட்டாரு."

நீ அவ்வளவு நம்பியிருக்கிறாய் என்னை. கிணறு இருக்கிறதே என்று அந்த வருஷம் ஆற்றுப் பக்கம் யாரும் போகவில்லையாம். செப்டம்பரிலேயே தண்ணீர் அடிக்குப் போய், அக்டோபரில் சேறுதான் மிஞ்சியதாம். இரண்டு மைல் போக முடியாதவர்கள் அந்தச் சேற்றை வடிகட்டிக் குடித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாந்தி பேதி கண்டது. சில பிள்ளைகள் பிழைக்கவில்லை. சிப்போவும் பிழைக்கவில்லை.

"பிள்ளையப் புதைச்ச குழிக்குப் பக்கத்துல நின்னு அந்த அம்மாகிட்ட சொன்னாரு, தப்பு என்னோடது, மாசத்தை நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு. வருஷம் பூரா இந்தக் கிணத்துல தண்ணி நிக்கறதப் பார்க்காம ஊருக்குப் போக மாட்டேன்னு வாக்குக் குடுத்தாரு. அடுத்த அக்டோபர்ல உள்ள இறங்கி அவரே வெட்டி உள் உறை போட்டாரு. ஆனா அது தாங்குமான்னு அதுக்கடுத்த அக்டோபர்லதான தெரியும்? தண்ணி இறங்குச்சுன்னா அந்த வாரமே இன்னொரு உறை போடணும், மழை வந்துட்டா இன்னொரு வருஷம் போயிரும். அதான் அம்மா சீக்குன்னு தந்தி வந்தும் போகல. தந்திய கையில வச்சுக்கிட்டு கிணத்தடியிலயே உட்கார்ந்திருந்தாரு. நீங்க போங்க, நான் பார்த்துக்கிடுதேன்னு எத்தனையோ சொன்னேன்."

"யார் சார் அவருக்குக் கத்திரியில் தோண்டச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். யாரும் சொல்லல, எனக்காத் தோணிச்சுன்னாரு."

அந்த இடத்தில்தான் நான் சொன்னேன், அது நான்தான் சார் என்று. வாத்தியார் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "அந்தக் கிணத்துல இன்னைக்கும் அக்டோபர்ல தண்ணி இருக்குங்க. அங்க இருந்து எனக்கு எழுதுதாங்க. அந்த உள் உறையையும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றில் கழிக்க முடியுமா?

நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் அப்படிப் பேசியபோது, டேய் உன் கடிதத்தால்தான்டா என்று ஒரே ஒரு தடவை கத்தியிருக்கலாம். அதைச் சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் காப்பாற்ற நீ மூன்று வருஷம் என் முகத்திருப்பலைத் தாங்கிக்கொண்டிருந்தாய். உன் மேல் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, அதைவிட என் மேல் வருகிறது.

இப்போது யார் எந்த ஊரிலிருந்து கிணறு கேட்டு வந்தாலும், முதலில் அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன், எந்த மாதம் தண்ணீருக்கு அதிகம் அலைகிறார்கள் என்று. எனக்குப் புத்தி வந்திருக்கிறது. யாருக்குப் பிரயோஜனம்?

போன வாரம் வாத்தியாரை ஆங்கிலத்தில் எழுதித்தரச் சொல்லி, சிப்போவின் அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். மாதத்தைத் தப்பாகச் சொன்னவன் நான், உங்கள் வாத்தியார் இல்லை, அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று எழுதி, கீழே என் பெயரைத் தமிழில் நானே எழுதினேன். அந்த அம்மாவுக்காவது ஒரு விலாசம் இருந்தது. உனக்கு விலாசம் இல்லாவிட்டாலும் இப்படி எழுதியாவது ஆற்றிக்கொள்கிறேன். உன் அம்மாவுக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நான் கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து சொன்னேன். அவர் அதை நம்பிக்கொண்டே போய்விட்டார்.